ருத்ரேஷ் மகாந்தப்பா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இவர் வாசித்ததைப் போட்டுக் காட்டுவது என் பழைய கெட்ட பழக்கம். இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது "நாதஸ்வரமா இது?" என்பார்கள். அடுத்து "நம்ம ஊர்க்காரரா?" என்று வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

யாருங்க இவரு? ரெண்டு வரியில சொல்லுங்க, போதும்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர். ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர், இசையமைப்பவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2016 முதல் ஜாஸ் பிரிவின் இயக்குநர். 'டவுன்பீட்' என்பது ஜாஸுக்கென்றே பல பத்தாண்டுகளாக வரும் அமெரிக்கப் பத்திரிகை. அது ஆண்டுதோறும் விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் ஆல்டோ சாக்ஸபோனுக்கான முதலிடத்தைப் பலமுறை பிடித்திருக்கிறார்.

பேரைப் பார்த்தா தெற்கத்திப் பேரா இருக்கே. சென்னையா, பெங்களூரா?

இரண்டும் இல்லை. பிறந்தது 1971-ல், இத்தாலியின் திரியெஸ்தே நகரில். வளர்ந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலையடிவாரத்து ஊரான போல்டரில். பெற்றோர் கர்நாடகத்திலிருந்து போனவர்கள். அப்பா கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். மகாந்தப்பா என்பது வட கர்நாடகத்துப் பக்கம் சகஜமாகக் காதில் விழும் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு "மகந்தப்பா" என்று விழுங்குகிறார்கள். 'கா' நெடில், அதை நிறுத்திச் சொன்னால் சரியாக வந்துவிடும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெயரையும் முகத்தையும் பார்த்து, "இவருக்கு ராகம் தாளமெல்லாம் ரத்தத்திலேயே ஊறியிருக்கும்" என்று முடிவுகட்டுகிறவர்கள் இங்கேயும் உண்டு, அமெரிக்காவில் இன்னும் அதிகம். போல்டரில் வளர்ந்த அந்தப் பையன் கேட்டது குரோவர் வாஷிங்டன் ஜூனியர், டேவிட் சான்பார்ன், பிறகு சார்லி பார்க்கர், மூவருமே அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர்கள். கர்நாடக இசை அவருக்குச் சீதனமாக வரவில்லை. வளர்ந்த பிறகு தேடிப்போய்க் கற்றுக்கொண்டார்.

சாக்ஸபோன் பித்தளையில பண்றதுதானே? அப்புறம் ஏன் அதை மரக் காற்றுக்கருவின்னு சொல்றாங்க?

ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உடம்பு எந்த உலோகம் என்பது கணக்கில் வராது. ட்ரம்பெட்டில் வாசிப்பவரின் உதடு அதிர்கிறது. சாக்ஸபோனில் வாய்முனையில் கட்டியிருக்கும் ஒற்றை நாணல் பட்டை அதிர்கிறது. அதனால் அது கிளாரினெட்டின் கூட்டத்தைச் சேர்ந்தது. பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். கருவிக்குப் பெயர் வந்ததும் அவரால்தான்.

நம் நாதஸ்வரத்தின் வாய்முனையான சீவாளி இரட்டை நாணல். முதலில் கேட்டவருக்கு நாதஸ்வரம் நினைவுக்கு வந்ததில் தப்பே இல்லை. இரண்டுமே நாணல் அதிர்வு, இரண்டுமே கூம்பு வடிவக் குழல்.

கத்ரி கோபால்நாத்தோட சிஷ்யரா?

குருகுலத்தில் உட்கார்ந்து கற்ற சிஷ்யர் அல்ல. ஆனால் சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி இல்லையென்றால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த காலத்தில் ருத்ரேஷின் அண்ணன் ஒரு ஆல்பத்தை வாங்கிக் கொடுத்தார். பெயர் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்'. சும்மா கேலிக்குத்தான். "நீயும் இந்தியன், நீயும் சாக்ஸபோன், இந்தா பிடி" என்கிற மாதிரி. போட்டுக் கேட்டவருக்குச் சிரிப்பு வரவில்லை. தான் அத்தனை வருடம் பழகிய அதே கருவியில், தனக்குத் தெரிந்த எந்த விரலிலும் வராத ஒலிகள். வாசித்தவர் மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத். பல ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, 2008-ல் 'கின்ஸ்மென்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். 'உறவுக்காரர்கள்' என்று பொருள். அடுத்த ஆண்டு நியூயார்க்கர் இதழில் ஜாஸ் விமர்சகர் கேரி கிடின்ஸ் ருத்ரேஷைப் பற்றி எழுதினார்.

கத்ரின்னா, 'டூயட்' படத்துல சாக்ஸபோன் வாசிச்சவர்தானே?

அவரேதான். 1994-ல் கே. பாலசந்தர் எடுத்த படம். திரையில் பிரபு, பின்னால் கத்ரி, இசை ஏ.ஆர். ரஹ்மான். தமிழ்நாட்டில் சாக்ஸபோன் என்ற சொல்லைப் பட்டிதொட்டி வரை கொண்டுபோனது அந்தப் படம்தான். ஆனால் அதோடு அவரை முடித்துக்கொண்டால் அநியாயம்.

நாதஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றவர். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு மேடையேறினார். ஆக, ருத்ரேஷ் ஒரு பக்கத்திலிருந்து நடந்து வந்தார் என்றால், கத்ரி அதற்கு வெகுகாலம் முன்பே எதிர்ப்பக்கத்திலிருந்து பாதி தூரம் வந்து நின்றிருந்தார். 2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

சாக்ஸபோன்ல பட்டன் பட்டனா இருக்கே, அதுல எப்படிக் கமகம் வரும்?

நல்ல கேள்வி. கமகம் என்பது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிப்பது. புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் விரல் நேரடியாகத் துளைமேல் இருக்கிறது. பாதி மூடலாம், மெல்ல உருட்டலாம். சாக்ஸபோனில் துளை பெரியது, அதை மூடுவது ஒரு தோல் மெத்தை, அதை இயக்குவது ஒரு நெம்புகோல். திறந்தால் முழுசாகத் திறக்கும், மூடினால் முழுசாக மூடும், அதற்காகவே செய்த ஏற்பாடு. ஸ்வரத்துக்கு ஸ்வரம் படிக்கட்டில் ஏறுகிற மாதிரிதான் இயல்பாக வரும்.

சறுக்கு மரம் வேண்டுமென்றால் வேலை வாய்க்குப் போகிறது. கீழ் உதட்டின் பிடியைத் தளர்த்தினால் சுருதி இறங்கும், இறுக்கினால் கொஞ்சம் ஏறும். தொண்டையின் வடிவத்தை மாற்றினாலும் இறங்கும். கூடவே விசையை மெதுவாக விட்டு, மெத்தை துளையை முத்தமிடும் நேரத்தை நீட்டினால் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கலாம். கத்ரி தன் வசதிக்குக் கருவியிலேயே சில மாற்றங்களும் செய்துகொண்டார். ருத்ரேஷ் கையில் இருப்பது வழக்கமான ஜாஸ் ஆல்டோ. அவர் கமகத்தை அப்படியே பிரதி எடுப்பதில்லை. ஜாஸில் ஏற்கெனவே இருக்கும் வளைவுகளோடு அதைச் சேர்த்து, கொஞ்சம் சொரசொரப்பாக வாசிக்கிறார். 2013-ல் வந்த ஆல்பத்துக்கு 'கமக்' என்றே பெயர். அதில் கிதார் டேவிட் ஃபியூசின்ஸ்கி. பியானோவின் 12 கட்டைகளுக்கு இடையில் இருக்கும் நுண்சுருதிகளைத் தேடி அலைகிற ஆள்.

கின்ஸ்மென்ல ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறாங்களே, ராகமும் ஜாஸும் முட்டிக்காதா?

முட்டும். முட்டாமல் எப்படி வாசித்தார்கள் என்பதுதான் அந்த ஆல்பத்தின் சுவாரசியமே.

ஒரு சாதாரண ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பார், அதாவது 12 தாள அலகுகள் கொண்ட சுற்று. கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். ஸட்ஜத்தில் தொடங்கும் முதல் கார்டில் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் இருக்கும். கர்நாடகக் காதுக்கு அது ஹரிகாம்போஜி ராகத்தின் வாசனை. ஐந்தாவது பாரில் கார்டு மத்யமத்துக்கு மாறும்போது, அந்தக் கார்டுக்குள் சாதாரண காந்தாரம் வந்து உட்கார்ந்துவிடும். ஹரிகாம்போஜியில் ஆலாபனை செய்துகொண்டிருப்பவருக்கு அது அந்நிய ஸ்வரம். அவர் ராகத்தை விடவும் முடியாது, கார்டோடு சண்டை போடவும் முடியாது. "ஃப்யூஷன்" என்று மேடையேறும் பல கச்சேரிகளில் காது கூசுவதற்கு இதுதான் காரணம். கிதார்காரர் பாட்டுக்குக் கார்டை மாற்றிக்கொண்டே போவார், வித்வான் பாட்டுக்கு ராகத்தில் நிற்பார்.

கின்ஸ்மென்னில் கத்ரியும் வயலின் கன்யாகுமரியும் வாசிக்கும் இடங்களில், அடியில் கார்டுகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஒரு ஆதாரத்தில் நின்று, அதன்மேல் தாளம்தான் நகர்கிறது. ஜாஸுக்கும் இது புதிதல்ல. 1950-களின் கடைசியிலேயே ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் காலத்தில் கார்டு மாற்றத்தைக் குறைத்து ஒரே ஸ்வர வரிசையில் வெகுநேரம் நிற்கப் பழகிவிட்டார்கள். ஆக, இரண்டு இசைகளுக்கும் பொதுவாக ஒரு திண்ணை ஏற்கெனவே இருந்தது. ருத்ரேஷ் செய்தது அந்தத் திண்ணையைக் கண்டுபிடித்து எல்லாரையும் உட்காரவைத்தது. மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி, கிதார் ரெஸ் அப்பாஸி, டிரம்ஸ் ராயல் ஹார்ட்டிகன், பேஸ் கார்லோ டிரோஸா. பெரிய உருப்படிகளுக்கு நடுவே ஒவ்வொருவரும் தனியாக ஆலாபனை போலச் சிறிது நேரம் வாசிக்க இடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சின்னத் துண்டுகள்தான் அதிகம் பிடிக்கும்.

எது கத்ரி, எது இவருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டும் ஆல்டோதானே.

ஸ்வரத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ருத்ரேஷ் நாக்கால் தட்டித் தொடங்குவார், கத்தி வைத்து வெட்டின மாதிரி. கத்ரிக்கு ஸ்வரம் முந்தின ஸ்வரத்தின் வாலிலிருந்து வழிந்து வரும். நாலு நிமிடம் கேட்டால் பிடிபட்டுவிடும்.

'தமிழ்'னே பேரு வச்சு ஒரு பாட்டு போட்டிருக்காராமே, நிஜமா?

நிஜம். 2004-ல் வந்த 'மதர் டங்' ஆல்பத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், குஜராத்தி, கொங்கணி என்று மொழிகளின் பெயரிலேயே உருப்படிகள் இருக்கின்றன. ஆனால் பாடல் வரியைத் தேடாதீர்கள், கிடையாது.

அமெரிக்காவில் இந்திய முகத்தோடு திரிகிறவர்களிடம் கேட்கப்படும் அசட்டுக் கேள்விகளில் ஒன்று: "நீங்க இந்தியன் பேசுவீங்களா?" ருத்ரேஷ் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, வெவ்வேறு தாய்மொழிக்காரர்களை அவரவர் மொழியில் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். அந்தப் பேச்சில் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த அசை நீள்கிறது என்பதை ஸ்வரமாகவும் தாளமாகவும் எழுதி, அதிலிருந்து மெட்டுகளைக் கட்டினார். எரிச்சலூட்டும் கேள்விக்கு இதைவிட நாசூக்கான பதிலடி எனக்குத் தெரிந்து இல்லை.

உதாரணத்துக்கு நானே ஒரு வாக்கியம் சொல்கிறேன்: "இந்தியன்னு ஒரு மொழியே கிடையாது, எனக்குத் தமிழ்தான் தெரியும்." சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'எனக்குத்' என்பதில் ஒற்று விழும் இடத்தில் ஒரு நிறுத்தம். 'மொழியே' என்பதன் ஏகாரத்தில் குரல் தானாக மேலே போகும். கையால் தட்டிக்கொண்டே நாலு தடவை சொன்னால் ஒரு தாளம் கிடைத்துவிடும், அது எட்டுக்குள் அடங்காமல் கோணலாகவும் இருக்கும். அந்தக் கோணல்தான் அந்த ஆல்பத்தின் தாளக்கட்டு. அதைப் பின்பாட்டாகப் பாதுகாத்துக்கொண்டே மேலே கற்பனை வாசிப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

விஜய் ஐயரும் இவரும் ஒரே குழுவா? அவர் தமிழர்தானே?

விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர். அவரும் 1971-ல் பிறந்தவர்தான். இப்போது ஹார்வர்டில் பேராசிரியர், 2013-ல் மெக்கார்த்தர் உதவித்தொகை பெற்றவர். 1990-களின் நடுவில் இருவரும் சந்தித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் ஒருவர் குழுவில் மற்றவர் வாசித்தார்கள். மேலே சொன்ன தாய்மொழி ஆல்பத்தில் பியானோ அவர்தான். 2006-ல் இருவர் மட்டும் சேர்ந்து 'ரா மெட்டீரியல்ஸ்' என்று ஒன்று வெளியிட்டார்கள். டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. தாளம் யார் கையில் இருக்கிறது என்று தேடித் தேடிக் கேட்கவேண்டும், ஆனால் கை மாறும்போது ஒரு தடவைகூடக் கீழே விழாது.

கணக்குப் போட்டு பாட்டு எழுதுவாராமே? அது இசையா, பரீட்சையா?

'கோட்புக்' என்ற 2006 ஆல்பத்தைச் சொல்கிறீர்கள். ரகசியக் குறியீடுகள், எண் கோட்பாடு, ஃபிபனாச்சி வரிசை ஆகியவற்றிலிருந்து எடுத்த விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஃபிபனாச்சி என்பது 1, 1, 2, 3, 5, 8 என்று முந்தின இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் வரிசை. இப்படிப்பட்ட எண்களைத் தாளத்தில் எத்தனை அட்சரம், மெட்டில் எத்தனை படி தாண்டுவது என்பதற்குப் பயன்படுத்தலாம்.

பயப்பட ஒன்றுமில்லை. தனி ஆவர்த்தனத்தில் வித்வான் கோர்வை கட்டும்போது கணக்கு இல்லாமலா கட்டுகிறார்? கேட்கிறவர் விரல்விட்டு எண்ணவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சமத்தில் வந்து விழும்போது தலை தானாக ஆடினால் போதும். என்றாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ஆல்பத்தில் இரண்டொரு இடங்களில் எனக்குக் கணக்கு மட்டும்தான் கேட்கிறது.

மேடையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றார்? ரெக்கார்ட் பண்ணினதை ஓட விடுறாரா?

எல்லாரும் சந்தேகப்படுவது இதைத்தான். இல்லை, பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு மேலே ஊதும் வேலை இல்லை இது.

2007-ல் அவருக்கு குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. தென்னிந்திய இசையை இன்னும் நெருங்கிக் கற்க அதைப் பயன்படுத்தினார். அதன் விளைவாக 2011-ல் வந்தது 'சந்தி'. தமிழில் சந்தி என்றால் தெருச்சந்தியும் ஆகும், சொற்கள் புணரும் இடமும் ஆகும். அவர் சமஸ்கிருதப் பொருளில் வைத்திருந்தாலும் நமக்குக் கூடுதல் லாபம். அதில் மின்கிதார், மின்பேஸ், டிரம்ஸ், கூடவே பாலக்காடு ரகுவின் பேரன் அனந்தா கிருஷ்ணனின் மிருதங்கம். சாக்ஸபோனோடு லேப்டாப்.

வேலை செய்யும் விதம் இதுதான். மைக் பிடிக்கும் ஒலி ஒரு சிறிய பெட்டி வழியாக எண்களாக மாறிக் கணினிக்குள் போகிறது. மென்பொருள் அதை அந்தக் கணமே மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. என்ன மாற்றலாம்? அதே ஸ்வரத்தை ஒரு இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்ல வைக்கலாம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகம் என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். இடைவெளியை அதற்குச் சரியாக வைத்தால் எதிரொலி தாளத்தோடு விழும், 375 என்று வைத்தால் முக்கால் தட்டில் விழுந்து சீண்டும். வாசிக்கும் ஸ்வரத்தோடு நாலு படி மேலே இன்னொன்றைச் சேர்த்து ஒற்றை ஆளை இருவராக்கலாம். ஒரு துண்டைப் பிடித்துச் சுழலவிட்டு, அதையே ஆதாரமாக வைத்து ஆலாபனை செய்யலாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஊதிய ஸ்வரம் கணினிக்குள் போய் வெளியே வருவதற்குள் தாமதமாகும். ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எடுக்கும் மாதிரிகள் என்ற கணக்கில், கணினி 128 மாதிரிகளைச் சேர்த்து ஒரு கட்டாக எடுத்தால் ஒரு கட்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, நடுவில் கணக்குப் போடும் நேரம். மொத்தம் 10-ஐத் தாண்ட ஆரம்பித்தால் வாசிப்பவருக்கு விரல் சேற்றில் மாட்டிய மாதிரி இருக்கும். கட்டின் அளவைக் குறைத்தால் கணினி திணறிக் கடகடக்கும். மேடையில் லேப்டாப் வைக்கிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கயிற்றில் நடக்கிறார்கள்.

அப்போ எலக்ட்ரானிக் சாக்ஸபோன்னு கடையில விக்கிறாங்களே, அது வேறயா?

வேறு. அதில் உள்ளே காற்றுத் தூணே கிடையாது. ஊதும் அழுத்தத்தையும் விரல் வைத்த இடத்தையும் உணரி படித்து ஒரு சிந்தசைசருக்குச் சொல்லும். நைல் ஸ்டைனர் என்ற அமெரிக்கர் உருவாக்கியதை அகாய் நிறுவனம் 1980-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர் அதை மிக அழகாக வாசித்திருக்கிறார். அதற்கும் முன்பே, 1960-களில் எடி ஹாரிஸ் சாதாரண சாக்ஸபோனிலேயே ஒரு ஒலிவாங்கியைப் பொருத்தி மின்கருவியாக்கினார். ருத்ரேஷின் வழி ஹாரிஸின் வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் நாணல் அதிரவேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி பழக வேண்டுமென்றால் மின்கருவிதான் தோது, அதை மறுக்கவில்லை.

பிரின்ஸ்டன்ல எலக்ட்ரானிக் மியூசிக் சொல்லித் தர்றாரா?

அவர் பொறுப்பு ஜாஸ். மாணவர் குழுக்களை நடத்துவது, கற்பனை வாசிப்பைப் பழக்குவது, வெளியிலிருந்து கலைஞர்களை வரவழைப்பது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மின்னணு இசைக்கு அந்தப் பல்கலைக்கழகம் பழைய வீடு. கொலம்பியாவும் பிரின்ஸ்டனும் சேர்ந்து 1950-களின் இறுதியில் நியூயார்க்கில் நடத்திய மையத்தில், ஒரு சுவரையே அடைத்து நின்ற ஆர்.சி.ஏ. சிந்தசைசரில் மில்ட்டன் பாபிட் இசையமைத்தார். பிறகு பால் லேன்ஸ்கி அங்கே கணினி இசை கற்பித்தார். அவர் 1973-ல் செய்த ஒன்றிலிருந்து ரேடியோஹெட் என்ற ராக் குழு நாலு கார்டுகளை எடுத்து 2000-ல் தங்கள் பாட்டில் வைத்துக்கொண்டது. 2005-ல் டான் ட்ரூமனும் பெரி குக்கும் லேப்டாப்புகளால் மட்டுமே ஒரு வாத்தியக்குழு தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஆளுக்கு ஓர் அரைக்கோள ஒலிபெருக்கி.

பழைய பாட்டையெல்லாம் எடுத்துப் பேரை மாத்திப் போட்டுட்டாருன்னு ஒருத்தர் சொன்னாரே?

2015-ல் வந்த 'பேர்ட் கால்ஸ்' பற்றிய புகார். 'பேர்ட்' என்பது சார்லி பார்க்கரின் செல்லப்பெயர். பார்க்கரின் உருப்படிகளில் இருந்து ஒரு சொற்கட்டையோ தனி வாசிப்பின் ஒரு துண்டையோ எடுத்து, தாளத்தையும் அடித்தளத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார். மூலத்தை ஒளிக்கவில்லை, தலைப்பிலேயே கண்ணடிக்கிறார். பார்க்கர் 'இப்போதே நேரம்' என்று வைத்ததற்கு இவர் வைத்தது 'அப்புறம் பார்ப்போம்'. தேவாலயத்து ஊசிக்கோபுரத்தின் பெயர் கலந்த 'ஸ்டீப்பிள்சேஸ்' இவரிடம் 'கோபுரம்' ஆகிவிட்டது. நம்மவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

அது காப்பி என்றால், ஒரு கீர்த்தனையின் ஒரே வரியை எடுத்து அரைமணி நிரவல் செய்கிறவரையும் காப்பி என்றுதான் சொல்லவேண்டும்.

இதுல சம்பாதிக்க முடியுமா? பொழப்பு எப்படி ஓடுது?

இசைத்தட்டு விற்பனையில் ஓடுவதில்லை, ஜாஸில் யாருக்குமே ஓடுவதில்லை. சுற்றுப்பயணக் கச்சேரி, புதிதாக எழுதித் தரச்சொல்லி வரும் ஒப்பந்தம், உதவித்தொகை, ஆசிரியர் வேலை ஆகிய நாலும் சேர்ந்துதான் ஒரு வருமானம். குகன்ஹைம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். 2013-ல் டோரிஸ் டியூக் விருதும் கிடைத்தது. நியூயார்க்கில் நியூ ஸ்கூலில் கற்பித்தார், பிறகு பிரின்ஸ்டன். பாகிஸ்தானில் பிறந்த ரெஸ் அப்பாஸியையும், தபலாவும் டிரம்ஸும் வாசிக்கும் டான் வைஸையும் சேர்த்துக்கொண்டு இவர் நடத்தும் 'இந்தோ-பாக் கோயலிஷன்' குழு 2017-ல் 'அக்ரிமா' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, எந்த நிறுவனத்திடமும் போகாமல் தானே வெளியிட்டார். ஏற்கெனவே பெரிய பெயர் வாங்கியவரே இப்படிச் செய்தார் என்பதிலிருந்து தட்டு நிறுவனங்களின் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில இது ஜாஸா, கர்நாடகமா, ஃப்யூஷனா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

ஜாஸ். ஒன்றுதான் சொல்லவேண்டும் என்றால் யோசிக்காமல் சொல்வேன். அவர் கற்பனையின் இலக்கணம் பார்க்கரிடமிருந்து வந்தது, மேடை ஒழுங்கு ஜாஸ் குழுவுடையது. கர்நாடக இசை அவருக்குப் பிற்பாடு கிடைத்த இரண்டாவது மொழி, அதை மரியாதையோடும் இலக்கணப் பிழையில்லாமலும் பேசுகிறார். சபாக் கச்சேரியின் அளவுகோலால் அவரை அளந்து "பாவம் பத்தலை" என்று உதடு பிதுக்குவதும், இந்திய முகம் என்பதற்காக "கிழக்கின் ஞானம்" என்று அவர் தலையில் மலர் தூவுவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். முந்தையது நம் ஊர்க்காரர்கள் செய்வது, பிந்தையது அவர் ஊர்க்காரர்கள் செய்வது.

எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

கர்நாடகக் காது உள்ளவர்கள் கின்ஸ்மென். திரைப்பாட்டுக் கேட்டே பழகியவர்கள் சந்தி, ஏனென்றால் மின்கிதாரும் பேஸும் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். ஜாஸ் ஏற்கெனவே பழக்கம் என்றால் பேர்ட் கால்ஸ். கோட்புக்கை மட்டும் முதலில் தொடாதீர்கள், தப்பித்தவறி அதில் தொடங்கியவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

எங்க பையனுக்குப் பத்து வயசு. இதைக் கேட்டுட்டு சாக்ஸபோன் வாங்கித் தரச் சொல்றான். வாங்கலாமா?

பத்து வயது சரியான வயதுதான். ஆல்டோவையே எடுங்கள், டெனார் சின்னக் கைக்குப் பெரிது. முதலில் வாடகைக்குக் கிடைக்குமா பாருங்கள். நாணலில் 1½ அல்லது 2 எண் போதும், 3-ல் தொடங்கினால் ஊதி ஊதிக் கன்னம்தான் வலிக்கும். கழுத்து வாருக்குப் பதிலாக இரண்டு தோளிலும் மாட்டும் வார் வாங்கிவிடுங்கள். கர்நாடகம் கற்பதா மேற்கத்தியம் கற்பதா என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முதல் வருடம் நீண்ட ஸ்வரம் ஊதுவதுதான் இரண்டுக்கும் பாடம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள். முதல் மூன்று மாதம் வாத்து கத்துகிற சத்தம்தான் வரும்.